கேட்டுக்கு வெளியே கை பேசாது

லீடா தன் உச்சந்தலையை முஷ்டியால் இரண்டு முறை தட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமைக் காலையில். மார்ச் மாதம். பனி உருகி ஆல்டர் ஃபோர்க் ஊர் முழுக்கச் சேறாகக் கிடந்தது. மைரோன் அடுப்பருகே உட்கார்ந்து, முந்தின நாள் மிஞ்சிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டித் தின்றுகொண்டிருந்தான். அவன் மகள், பதின்மூன்று மாதக் குழந்தை லீடா, உயரமான நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு பச்சை நிற பிக்கப் வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு போனது. அவள் அதை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டினாள். நீட்டிய விரலை எடுக்காமலே தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் அந்த இரண்டு தட்டு.

மைரோனின் மனைவி ஸ்டெஃபா சட்டென்று ஒரு கரண்டி ஓட்ஸ் கஞ்சியை அவள் வாயில் திணித்தாள்.

வேறு வீடாக இருந்திருந்தால் தகப்பன் சிரித்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான். மைரோனுக்கோ கொழுக்கட்டை தொண்டையில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் உச்சந்தலையில் இரண்டு தட்டு என்பது ஓர் ஆளின் பெயர். ஆர்விட் ஸ்ட்ரோம். போன வண்டியும் அவனுடையதுதான்.

மர மில்லில் வாய்க்கு வேலை கிடையாது. ரம்பம் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் பிரசவ வலியில் கத்தினாலும் கேட்காது. பெரிய ரம்பத்துக்காரன் மைரோன், மரத்தடியை ஏற்றிவரும் வண்டிமேல் நிற்கிற காஸ்டோனுக்கு, எத்தனை அங்குலப் பலகை என்று விரலால் காட்டுவான். அப்படித் தொடங்கிய கைப்பேச்சுதான். ஆனால் எட்டு மணி நேரம் எதிரெதிரே நிற்கிற ஆம்பிளைகள் அங்குலத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பார்களா? மேஸ்திரியின் கஞ்சத்தனம், ஹாக்கி ஆட்டம், யார் வீட்டில் என்ன சாப்பாடு, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் கையில் வந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் பச்சை பச்சையாக இருக்கும். ஒவ்வொருவனுக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. வெங்காயத்தைப் பச்சையாகக் கடிக்கும் காஸ்டோனுக்குக் கண்ணீர் துடைப்பது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரம்பம் எறிந்த பலகை ஆர்விட்டின் மண்டையைப் பிளந்தது, ஆஸ்பத்திரியில் உள்ளே ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். அதனால் அவனுக்கு உச்சந்தலையில் இரண்டு தட்டு.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒருவனுடைய கைப்பெயரை அவன் கண்முன்னால் யாரும் போடக்கூடாது. அதனால் ஊரார் பெயர் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், தன் பெயர் மட்டும் தனக்குத் தெரியாது. மில்லில் சேர்ந்த பதினோரு வருஷமாக மைரோனுக்கு இது ஓர் அரிப்பு. காஸ்டோனைக் கேட்டால், "உனக்குப் பேரே இல்லடா. வைக்கிற அளவுக்கு உன்கிட்ட ஒரு குறையும் இல்ல" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை மைரோன் நம்பியதே கிடையாது.

இரண்டாவது கட்டுப்பாடு, மில் கேட்டுக்கு வெளியே கை பேசாது. பெண்டு பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் ஒருவன் கைப்பேச்சுப் பேசினால் ஷிப்டுக்கே ஒரு பெட்டி பீர் அபராதம். இதைக் காப்பதில் மைரோனைப் போல் கறாரான ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண நடனத்தில் ஆர்விட்டின் கை ஏதோ விஷமம் செய்ததைப் பிடித்து, அவனிடமிருந்து பீரைக் கறந்தவனும் மைரோன்தான்.

அப்படியிருக்க, இந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிற பல் முளைக்காத பிள்ளைக்கு ஆர்விட்டின் பெயர் எப்படித் தெரியும்?

"என்ன அது, தலையத் தட்டிக்குது?" என்றான் மைரோன்.

"பல்லு முளைக்குது. ஈறு அரிச்சா எங்கயாவது தட்டிக்கும்."

"ஈறு வாயில இருக்கு. தட்டுறது மண்டைல."

"நீ என்ன டாக்டரா? ஆறிப்போகுது, சாப்பிடு. ஏன் இப்படிக் கத்துற, பக்கத்துலதானே நிக்கிறேன்."

அவன் கத்தவில்லை. ரம்பம் அவன் காதில் பாதியைத் தின்றிருந்தது. அதனால் அந்த வீட்டில் பேச்சும் உரக்க, டிவியும் உரக்க.

குரலைக் கேட்டதுபோல் லீடா அவன் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் கஞ்சி. அவனைக் கண்டதும் ஒரு சிரிப்புச் சிரித்து, விரலால் தன் கீழிமையை இழுத்தாள்.

"பாரு, கண்ணுல தூசி. என் சட்டையிலேர்ந்து மரத்தூள் போயிருக்கும். தினமும் இதே பாடு. துடைச்சு விடு."

ஸ்டெஃபா ஈரத்துணியால் துடைத்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் துடைத்தாள். மைரோன் அதையும் பார்த்து மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வாரம் அவனுக்கு வீடு முழுக்கப் பேயாக இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது கழுவிக் கவிழ்த்த காப்பிக் கோப்பைகள் இரண்டு. பகலில் தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு இரண்டு? சர்க்கரைக் கிண்ணம் வழித்த மாதிரி இருந்தது. ஸ்டெஃபா சர்க்கரை தொடமாட்டாள். மாலை ஷிப்டு தொடங்குமுன் ஆர்விட் காப்பியில் நாலு கரண்டி கொட்டுவதை மில்லே வேடிக்கை பார்க்கும். விறகுக் கொட்டகைக்குப் போகும் வழியில், பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி கட்டிய சக்கரத் தடம். மைரோன் தன் சக்கரங்களில் சங்கிலியைக் கழற்றி இரண்டு வாரம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை அவன் உள்ளே நுழைந்தபோது மேஜைமேல் ஏதோ செய்துகொண்டிருந்த ஸ்டெஃபாவின் கைகள் மேஜைக்கு அடியில் போயின.

"என்ன ஒளிக்கிற?"

"கைய. குளிருது. அதுக்கும் உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

லீடா மட்டும் எப்போதும்போல் இருந்தாள். வாசல் பலகையில் அவன் பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதறும்போதே அவள் திரும்பிவிடுவாள். கதவைத் திறந்தால் இரண்டு கையும் மேலே நீட்டியபடி இருக்கும். தூக்கு என்று அர்த்தம். உலகத்தில் மைரோன் சந்தேகப்படாத ஒரே விஷயம் அந்த இரண்டு கைதான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஸ்டெஃபா, "கூப்பிட்டா இவ திரும்பவே மாட்டேங்குறா, மைரோன். எனக்கு என்னமோ போல இருக்கு" என்று சொன்னாள். "நீ கூப்பிட்டா திரும்பல. நான் வந்தா வாசல்லயே திரும்புறா. யார் மேல பாசம்னு இப்பவாவது தெரியுதா?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பது அன்றைக்கு அவன் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்து இப்போது குத்தியது. ஜனவரியில் ஒருநாள், முட்டைக்கோஸ் இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிக்கொண்டே ஸ்டெஃபா கேட்டாள்: "அந்த மில்லு கைப்பேச்ச எனக்குக் கொஞ்சம் கத்துக் குடேன்." அவன் மேஜையைக் குத்திய குத்தில் முட்கரண்டி கீழே விழுந்தது. "அது பொம்பளைங்க பாக்குற பேச்சா? என் வீட்ட மில்லாக்காதே!" அவள் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன்னிடம் கேட்டுக் கிடைக்காததை வேறு யாரிடம் கேட்டாள்?

புதன்கிழமை மத்தியானம். கொதிகலன் சுவர்ச் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காஸ்டோன் ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தான். மரத்தூள் எரிக்கிற கூம்பு உலையிலிருந்து புகை கிளம்பிக் கூரைமேல் படுத்துக் கிடந்தது.

"மூஞ்சி ஏன்டா புளிச்ச முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு?" என்றான் காஸ்டோன்.

"ஆர்விட் காலைல என்ன பண்றான்?"

"தூங்குவான். மாலை ஷிப்டுக்காரன் வேற என்ன பண்ணுவான், சர்ச்சுல பாடுவானா?"

"தூங்குறவன் வண்டி என் தெருவுல ஏன் போகுது?"

"உன் தெரு ஆத்துக்குப் போற தெரு. மீன் புடிக்கப் போவான்."

"ஆத்துல இன்னும் ஐஸ் கிடக்கு."

காஸ்டோன் கடிக்கப்போன வெங்காயத்தை நிறுத்தி அதையே பார்த்தான். "ஐஸ்ல ஓட்டை போட்டும் புடிப்பாங்க."

"மார்ச்சுலயா? மெலிஞ்ச ஐஸ் மேலயா? எவனாவது சாகணும்னு இருந்தாத்தான் போய் நிப்பான்."

"அவனுக்கு மண்டைல தகடுதானே இருக்கு. மூளை எங்க இருக்கு?" என்று சிரித்துவிட்டுக் காஸ்டோன் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மைரோன் திரும்பிப் பார்த்தபோது, பலகை தரம் பிரிக்கிறவனிடம் காஸ்டோனின் கை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கை கண்ணருகே போன சமயம் மைரோன் பார்ப்பதைக் கண்டு, வந்த வேலையை விட்டு மூக்கைச் சொறிந்தது.

ஆக, மில்லுக்கே தெரியும். தனக்கு மட்டும் தெரியாது. நெருப்பில்லாமல் புகையுமா?

வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று மேஸ்திரியிடம் சொன்னான். வாழ்நாளில் அவன் பொய் சொல்லி எடுத்த முதல் விடுப்பு. வண்டியை சர்ச்சுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்தான். ஆற்றுப் பக்கமிருந்து ஐஸ் முறிகிற சத்தம் அவன் அரைக்காதுக்கும் கேட்டது. தன் வீட்டுக்குத் தானே திருடனைப் போல வேலியோரமாக வந்தான். வாசலில் வண்டி இல்லை. ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. பிறகு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பச்சை நிறம் தெரிந்தது.

வாசலில் நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒளித்து நிறுத்தியிருந்தான்.

மைரோன் பூட்ஸை அவிழ்த்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வாசல் பலகையை மிதித்து அதிரவைக்காமல் அவன் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. ஈரக் காலுறையோடு பூனை மாதிரி நடந்து சமையலறைக் கதவைத் தள்ளினான்.

மேஜையில் இரண்டு கோப்பை. ஆர்விட் கம்பளித் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கைகள் காற்றில் இருந்தன. எதிரே ஸ்டெஃபாவின் கைகளும் காற்றில் இருந்தன. அவள் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்துப் பல மாதம் ஆகிறது. மைரோனின் கால்விரலுக்கு இரண்டடி தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லீடா தரையில் உட்கார்ந்து துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருட்டு நாயே!" என்று மைரோன் கத்தினான்.

அது மில்லில் கத்துகிற கத்தல். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. ஸ்டெஃபாவின் கை பட்டுக் கோப்பை உருண்டு, விழுந்து, சுக்குநூறாக உடைந்தது. பாதிச் செவிடன் ஆர்விட்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

லீடா ஒரு கிளிப்பை எடுத்து டப்பாவில் போட்டாள்.

மைரோன் அடுத்த வார்த்தைக்காக வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். குழந்தையின் பிடரியில் சுருண்டிருந்த மயிரைப் பார்த்தான். அது அசையவில்லை.

"லீடா" என்றான்.

இன்னொரு கிளிப்.

"லீடா!"

"கால உதைக்காதே" என்றாள் ஸ்டெஃபா. முகம் வெளுத்திருந்தாலும் அவள் குரல் நிதானமாக இருந்தது. "நீ உதைச்சா பலகை அதிரும், அவ திரும்பிடுவா. அப்படித்தான் தினமும் திரும்புறா. சும்மா கூப்பிட்டுப் பாரு. எத்தனை தரம் வேணும்னாலும் கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். மூன்றாவது தடவை அவன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்லயே தெரியும். இரும்புச் சட்டி அவ தொட்டில் பின்னால விழுந்துச்சு, அவ பாட்டுக்குக் கட்டைவிரலச் சப்பிக்கிட்டிருந்தா. உன்கிட்ட சொன்னேன். பாசம்னு சொல்லிச் சிரிச்சே."

"டாக்டர்..."

"நவம்பர்ல பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். உன்கிட்ட தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேன். மணி அடிச்சுப் பாத்தாரு, தட்டத் தட்டிப் பாத்தாரு. அஞ்சு வயசானா நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க, அங்கயே தங்கிப் படிக்கும்னாரு. அதுவரைக்கும் கையால எதையும் காட்டாதீங்க, வாயையே பாத்துப் பழகட்டும்னாரு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாலு வருஷம், மைரோன்! அவ விரல நீட்டுறா. நீட்டிட்டு என் மூஞ்சியப் பாக்குறா. 'அது என்ன, நீயும் பாத்தியா, சொல்லு'ன்னு கேக்குறா. நான் மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடுறேன். எத்தனை நாளைக்குத்தான் அவளும் கேப்பா? டிசம்பர் கடைசில விரல் நீட்டுறதே குறைஞ்சுபோச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு. அப்பத்தான் உன்கிட்ட கேட்டேன், கத்துக் குடுன்னு."

"காரணத்தச் சொல்லியிருந்தா..."

"சொல்ல விட்டியா? மேஜையத்தானே குத்துன."

ஆர்விட் தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தான். "நான் நல்ல பேச்சு மட்டும்தான்யா கத்துக் குடுத்தேன்" என்றான். "பால், ரொட்டி, நாய், தூக்கு, போதும், இன்னும் வேணும். அசிங்கம் ஒண்ணு கிடையாது. மில்லு பேச்சுல அசிங்கத்தக் கழிச்சுட்டா மிச்சம் என்ன இருக்கு சொல்லு? பாதிய நாங்களா உண்டாக்குனோம். உம்பொண்ணே ரெண்டு மூணு உண்டாக்கியிருக்கா."

"வண்டிய ஏன்டா கொட்டகைக்குப் பின்னால ஒளிச்சே?"

"உன்னத் தெரியாதா எனக்கு?" என்றான் ஆர்விட்.

மைரோனுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கக் காரணம் ஒன்றும் கையில் அகப்படவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. பதினோரு வருஷம் கையால் பேசினவன் வீட்டில், ஊர்க்காரன் வந்து அவன் பிள்ளைக்குப் பால் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இத்தனை சண்டையும் லீடாவின் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. கடைசிக் கிளிப் ஒன்று மிச்சமிருந்தது. அதை டப்பாவில் போடாமல் தாய்க்குக் காட்ட உயர்த்தினாள். தாயின் கண் தன்மேல் இல்லை. எங்கே பார்க்கிறாள் என்று அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே மெல்லத் திரும்பினாள்.

காலுறையோடு நிற்கிற அப்பனைக் கண்டதும் அவள் முகம் விரிந்தது. இந்த நேரத்துக்கு வராதவன் வந்திருக்கிறான்! அவசரமாகக் கிளிப்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலது விரலால் தன் கீழிமையை இழுத்தாள். உள்சிவப்புத் தெரிய இழுத்தாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள், சரிதானே என்பதுபோல. மறுபடி அவனைப் பார்த்து மறுபடி இழுத்தாள்.

"கண்ணுல தூ..." என்று தொடங்கிய மைரோன் நிறுத்திக்கொண்டான்.

ஆர்விட் ஜன்னலைப் பார்த்தான். ஸ்டெஃபாதான் சொன்னாள். "அது நீ."

"நானா?"

"மில்லுல உன் பேர் அதுதானாம். நான் வேற ஏதாவது வைக்கலாம்னுதான் சொன்னேன். ஆர்விட் ஒருநாள் வாய்தவறிக் கையில போட்டுட்டான், உன் போட்டோவக் காட்டி. அவ கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. மாத்த முடியல."

மைரோனுக்கு அந்தக் கையின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழிமையை இழுத்தால் மில்லில், வேவு பார்க்கிறான், உஷார், யாரையும் நம்பமாட்டான் என்று அர்த்தம். பதினோரு வருஷம் எதிரே நின்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர். இன்றைக்குக் காலுறையோடு வந்து நின்று அந்தப் பெயருக்கு அவனே கையெழுத்தும் போட்டிருந்தான்.

லீடாவுக்கு அந்த அர்த்தம் ஒன்றும் தெரியாது. தரை அதிர வருகிறவன், தூக்குகிறவன், மரத்தூள் வாசனை அடிக்கிறவன், அவ்வளவுதான் அவளுக்கு அந்த விரல். எத்தனை வாரமாக ஒவ்வொரு காலையும் அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள்! அவனோ ஒவ்வொரு காலையும் அதைத் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறான்.

அவன் கோப்பைச் சில்லுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் மண்டியிட்டான். கண் நிறைந்துவிட்டது. அதை அவன் மறைக்கவும் இல்லை. தன் பெயரைத் தன் கையாலேயே போட்டுக்கொண்ட ஆள் அந்த மில்லில் அதுவரை இல்லை. மைரோன் விரலால் தன் கீழிமையை இழுத்தான். பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்தான். ஆமாம், நான்தான்.

"கேட்டுக்கு வெளிய கை பேசிடுச்சு" என்றான் ஆர்விட், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஒரு பெட்டி பீர்."

"ரெண்டு பெட்டியா எடுத்துக்க" என்றான் மைரோன், திரும்பாமல். "பால் எப்படி? அதக் காட்டு. தூக்கு எப்படி?"

லீடா அவன் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. பிறகு இடக்கையில் வைத்திருந்த கடைசிக் கிளிப்பை அவனிடம் நீட்டினாள்.